அப்போஸ்தலர் போன பிறகு

தாமிரபரணிக் கரையில் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சில பெயர்கள் தாமாக வந்து நிற்கும். கடலோரம் என்றால் சவேரியார், பாளையங்கோட்டை என்றால் ரேனியஸ், இடையன்குடி என்றால் கால்டுவெல், சாயர்புரம் என்றால் ஜி.யு. போப். பள்ளிக்கூடங்களுக்கு இவர்கள் பெயர், பிள்ளைகளுக்கும் இவர்கள் பெயர். நான் கிளம்பியது இவர்களுக்கு அடுத்து நின்றவர்களைத் தேடி. தொடங்கியவர் போய்விட்டார், தொடங்கியது கையில் இருக்கிறது, இனி என்ன செய்வது என்று விழித்த ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இந்த யோசனையைக் கொடுத்தது பையில் இருந்த ஒரு புத்தகம். பேதுரு, பவுல் காலத்துக்கு அடுத்த தலைமுறை எழுதிய கடிதங்களும் நூல்களும் அடங்கிய தொகுப்பு. எழுதியவர்களை ‘அப்போஸ்தல பிதாக்கள்’ என்பார்கள். கி.பி. 96 வாக்கில் ரோமாபுரிச் சபையிலிருந்து கொரிந்துக்குப் போன கிளெமெந்தின் கடிதம், அந்தியோக்கியாவின் பேராயர் இக்னேஷியஸ் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய ஏழு கடிதங்கள், சிமிர்னா நகரத்துப் பொலிகார்ப் எழுதிய கடிதம், ‘திதகே’ என்ற சபை ஒழுங்கு நூல் ஆகியவை இதில் முக்கியமானவை. அற்புதங்கள் இவற்றில் குறைவு, வழக்குகள்தான் அதிகம். சபையை யார் நடத்துவது? ஊருக்கு வரும் போதகருக்கு எத்தனை நாள் சோறு போடுவது? பண விஷயத்தில் தவறிய மூப்பரை என்ன செய்வது? திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபைக் கமிட்டிக் கூட்டத்திலாவது உட்கார்ந்து எழுந்தவருக்கு இந்தக் கடிதங்கள் ஒன்றும் அந்நியமாக இருக்காது.

பாளையங்கோட்டையில் எல்லோரும் முதலில் காட்டுவது ஊசிக்கோபுரத்தை. 1826-இல் ரேனியஸ் கட்டிய தூய திரித்துவப் பேராலயம் அது. நான் முதலில் போனது அதைவிட மிகச் சிறிய, அதைவிடப் பழைய கோயிலுக்கு. குளோரிந்தா ஆலயம் என்று பலகையில் இருக்கும். வயதானவர்களிடம் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று கேட்டால் சட்டென்று வழி சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த காரணத்தால் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். ஷ்வார்ட்ஸ் தஞ்சாவூருக்குத் திரும்பினார். பாளையங்கோட்டையில் இருந்தது குளோரிந்தா.

இருந்து என்ன செய்தார்? ஆட்களைச் சேர்த்தார், வந்தவர்களைத் தாங்கினார், கிணறு வெட்டினார், பணம் திரட்டி இந்தக் கோயிலைக் கட்டினார். 1785-இல் அது பிரதிஷ்டையானது. 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் மொத்தம் 40 பேர். அந்த நாற்பதில் தேவசகாயம் என்ற புலவரின் குடும்பமும் உண்டு. அவருடைய மகனைத்தான் பின்னால் தமிழுலகம் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்று அறிந்தது. ஒரு சின்னச் சபையின் பெயர்ப் பட்டியலுக்குள் ஒரு கவிராயர் பரம்பரையே உட்கார்ந்திருந்தது.

கோயிலுக்குள் பத்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். தடித்த சுவர், உள்ளே வெளியைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. பெஞ்சில் உட்கார்ந்து இக்னேஷியஸ் சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்தேன். சிங்கத்துக்கு இரையாகப் போகிறவர், தாவியா என்ற பெண்ணின் வீட்டாரையும் ஆல்கே என்ற பெண்ணையும் பெயர் சொல்லி விசாரிக்கிறார். பொலிகார்ப்புக்கு எழுதும்போது விதவைகளைக் கைவிட்டுவிடாதே என்று நினைவுபடுத்துகிறார். சின்ன ஆசியாக் கரையில் சபை என்பது அன்றைக்குப் பெரும்பாலும் ஒரு வீடு, சில ஊர்களில் ஓர் அம்மாவின் வீடு. பாளையங்கோட்டையிலும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது. இங்கே அந்த விதவைதான் சபையையே தாங்கிப் பிடித்தார்.

குளோரிந்தா கேட்டுக்கொண்டே இருந்ததால் தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்டவர் சத்தியநாதன். உபதேசியாராக வந்து, 1790 டிசம்பரில் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலமாகி லண்டனில் அச்சேறியது. அனுப்பியவர்கள் அதைப் படித்து மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் சத்தியநாதனின் பெயரைக் குழந்தைக்கு வைத்த குடும்பம் எதையும் நான் பாளையங்கோட்டையில் சந்திக்கவில்லை.

ரேனியஸின் கல்லறை பாளையங்கோட்டையிலேயே அடைக்கலபுரத்தில் இருக்கிறது. பிரஷ்ய நாட்டு லுத்தரன் அவர். சம்பளம் கொடுத்ததோ ஆங்கிலேயத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கம். 1820-இல் வந்தார், கிராமம் கிராமமாகச் சபைகளைத் தொடங்கினார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார், இலக்கணம் எழுதினார். ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்குவதற்காக 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். ஊசிக்கோபுரம் நிற்கும் இடத்தை அவருக்குக் கொடுத்தவர் வேங்கு முதலியார் என்ற இந்துப் பெரியவர்.

1835-இல் சங்கம் அவரை நீக்கியது. காரணம் ஒரு பழைய கேள்வி: உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார்? லுத்தரன் முறைப்படி நாங்களே கை வைத்துக் கொடுக்கலாம் என்றார் ரேனியஸ். பேராயர் கைதான் வேண்டும் என்றது சங்கம். ஆங்கிலேயத் திருச்சபை முறைகளை விமர்சித்து அவர் எழுதிய மதிப்புரையும் சேர்ந்துகொள்ள, விஷயம் முறிந்தது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். இங்கிருந்த உபதேசியார்களில் ஒரு பகுதியினர் ஆள்மேல் ஆள் அனுப்பித் திரும்ப அழைத்தார்கள். வந்தார். சபை இரண்டானது. ஒரே ஊரில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். 1838 ஜூன் 5-இல் ரேனியஸ் இறந்த பிறகுதான் கிழிந்தது மெல்ல ஒட்டியது.

இக்னேஷியஸ் இதே கேள்விக்குத்தான் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் மூச்சுவிடாமல் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பேராயரை விட்டு எதையும் செய்யாதீர்கள் என்பது அவருடைய கடிதங்களில் ஓயாமல் வரும் புத்தி. அத்தனை முறை சொல்கிறார் என்றால், அதைக் கேட்காதவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். கிளெமெந்தின் கடிதமும் கொரிந்துச் சபையார் தங்கள் மூப்பர்களை இறக்கிவிட்ட வழக்கில் எழுந்ததுதான். கலகத்துக்குக் காரணமானவர்கள் தாங்களாகவே ஊரைவிட்டு விலகிப் போகலாமே என்றுகூட அதில் யோசனை சொல்லப்படுகிறது. ஆற்காட்டில் இருந்தபோது ரேனியஸ் அந்தப் பக்கத்தைப் புரட்டினாரா என்று யோசித்தபடி பஸ் ஏறினேன்.

சாத்தான்குளம் போகும் வண்டி ஆற்றைவிட்டுத் தெற்கே விலகியதும் நாடு மாறிவிடுகிறது. வாழையும் நெல்லும் முடிந்து பனையும் உடைமரமும். அதற்கப்பால் செக்கச்சிவந்த தேரி மணல். தாமிரபரணிப் பாசனம் எட்டாத பூமி. மழையும் கிணறும் பனையும்தான் இங்கே பிழைப்பு. சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியிலிருந்து சின்னமுத்து என்ற வாலிபன் தஞ்சைக்குப் போய், தாவீது சுந்தரானந்தம் ஆகித் திரும்பியது இந்த மண்ணுக்குத்தான். 1797 முதல் இங்கே குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அதோடு அடியும் வாங்கினார்கள். வீடு எரிந்தது, ஜெபக்கூடம் இடிந்தது. ஓடிவந்தவர்களுக்காக நிலம் வாங்கி 1799-இல் தாவீது உண்டாக்கிய ஊர் முதலூர்.

முதலூரில் இன்றைக்கு இறங்கினால் தூய மிக்கேல் ஆலயத்துக் கோபுரம் தெரியும், தேங்காய்ப்பால் காய்ச்சிச் செய்யும் மஸ்கோத் அல்வா மணக்கும். அல்வாக் கடைக்காரரிடம் தாவீதைப் பற்றிக் கேட்டேன். “அவுரு தடிக்கம்பு வச்சிருந்தவருல்லா” என்றார். உண்மைதான். அடிக்க வந்தவர்களை எதிர்க்கத் தாவீது இளைஞர்களைத் திரட்டி ஒரு தடிக்கம்புச் சேனை வைத்திருந்தார். சாட்சியாகச் சாகத் தவித்த இக்னேஷியஸுக்கு இது பிடித்திருக்காது. பண்ணை வீட்டில் பிடிபட்டபோது, பிடிக்க வந்தவர்களுக்கே சாப்பாடு போடச் சொன்ன பொலிகார்ப்புக்கும் பிடித்திருக்காது. ஆனால் இவர்கள் இருவரும் பெண்டு பிள்ளைகளோடு தேரிக்காட்டில் குடிசை போட்டவர்கள் அல்லவே. தாவீதை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்பது இங்கத்திய சபை மரபு. நெல்லைத் திருச்சபையின் முதல் இரத்தசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை. கோயில் வாசலில் முதற்பலன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு வாழைத்தார், நாலு கட்டு முருங்கைக்காய், பனங்கிழங்கு, ஒரு கருப்பட்டிக் கொட்டான், காலைக் கட்டிய சேவல் ஒன்று. ஏலம் விடுகிறவர் ஒரு கோழிமுட்டையைத் தூக்கிப் பிடித்து, “நூறு ரூவா ஒரு தரம்” என்றார். கூட்டத்தில் சிரிப்பு. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் ஐந்நூறு என்றார். அவருடைய மச்சினன் விடுவாரா? முட்டை இரண்டாயிரத்தைத் தாண்டியது. வாங்கியவர் அதைத் திரும்ப மேசையிலேயே வைத்தார், “இன்னொரு தரம் போடும் வே” என்று. கணக்கு எழுதுகிற டீச்சரம்மா மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு பெயருக்கும் நேரே தொகையை எழுதி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

திதகேயில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆலையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆட்டு மாட்டிலிருந்தும் முதற்பலனை எடுத்துத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடு. தீர்க்கதரிசி இல்லாத ஊர் என்றால் ஏழைகளுக்குக் கொடு. அப்பம் சுட்டாலும் எண்ணெய்ப் பாத்திரம் திறந்தாலும் அப்படியே. இந்த நூல் பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்து, 1873-இல் இஸ்தான்புல் நூலகம் ஒன்றில் பிரியேனியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் கண்ணில் பட்டது. 1883-இல் அவர் அதைப் பதிப்பித்தார். அதற்கு வெகு முன்னமே நெல்லைச் சீமைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கப் பழகியிருந்தார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். சபை ஊழியருக்கும் ஏழைகளுக்கும் போனது அந்த அரிசி. வறண்ட மண்ணும் பங்கிட்டுத் தீரவேண்டிய வறுமையும் இருந்தால், தொலைந்த நூலின் விதிகளைக்கூட மனிதர்கள் தாமே எழுதிக்கொண்டுவிடுகிறார்கள்.

ஏலம் முடிந்து அசனம். பந்தலில் இலை போட்டாயிற்று. செம்புக் கிடாரத்திலிருந்து சோறும் கறிக்குழம்பும் வாளி வாளியாக வந்தன. ஒதுங்கி நின்ற என்னை ஒரு பெரியம்மா பிடித்துக்கொண்டார். “எந்த ஊரு தம்பி? எந்த ஊரா இருந்தா என்ன, சாப்ட்டுட்டுல்லா போவணும்!” உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் வேறு சபைக்காரர், அதற்கடுத்த இலையில் அந்த ஊர் அம்மன் கோயில் கமிட்டிக்காரர். ஊருக்கு வரும் அப்போஸ்தலரை ஒரு நாள் வைத்துக்கொள், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் கிளம்பாவிட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று திதகே சொல்கிறது. போகும்போது வழிக்குச் சாப்பாடு கொடு. பணம் கேட்டால் அவனும் கள்ளன்தான். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ரெண்டு நாள் ரொம்பக் கூடுதல்” என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

அந்தப் பக்கத்தில்தான் கடாட்சபுரமும் இருக்கிறது. தரங்கம்பாடிக்காரரான ஜான் தேவசகாயம் 1830-இல் குருப்பட்டம் பெற்றவர். தென்னிந்தியாவில் சி.எம்.எஸ். சங்கத்தின் முதல் இந்தியக் குருவானவர். ரேனியஸை நேசித்தவர், ஆனாலும் பிளவில் சங்கத்தின் பக்கம் நின்றவர். கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்து 1864-இல் இறந்தார். இப்படிப்பட்டவருக்கு இரு பக்கமும் இடி. ஒரு பக்கம் துரோகி என்றிருக்கும், மறு பக்கம் சுதேசி என்ற அளவுக்கு மேல் மதித்திருக்காது.

நாசரேத்துக்கு வந்தால் மறுபடியும் ரயில் பாதை. ஊருக்குப் பக்கத்தில் பிரகாசபுரம். நெல்லைச் சபை வரலாற்றின் மிகவும் துணிச்சலான அத்தியாயம் எழுதப்பட்ட இடம் அது. நாசரேத்தில் மிஷனரியோடு மோதி வேலை இழந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, 1857-இல் வெள்ளைக்காரர் கை படாத ஒரு சபையை இங்கே தொடங்கினார். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் கிளப்பிய கொதிப்பும் அதற்குப் பின்னால் இருந்தது. அது இந்து கிறிஸ்தவ ஏக இரட்சகர் சபை. ஐரோப்பியக் கலப்பு இல்லாத வழிபாட்டைப் பழைய ஏற்பாட்டில் தேடினார் சட்டாம்பிள்ளை. தூபம் காட்டினார்கள், பண்டிகைகளை எபிரேய முறையில் வைத்தார்கள், ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

இக்னேஷியஸ் மக்னேசியா ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் கண்டிப்பது சரியாக இதைத்தான். சனிக்கிழமையை விடுங்கள், கர்த்தருடைய நாளை ஆசரியுங்கள் என்கிறார். ஆனால் அதே தலைமுறையைச் சேர்ந்த பொலிகார்ப் செய்த காரியம் ஒன்று உண்டு. உயிர்த்தெழுதல் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் அவருக்கும் ரோமாபுரியின் அனிசெத்துவுக்கும் ஒத்துவரவில்லை. கிழவர் கப்பலேறி ரோமுக்கே போனார். பேசினார்கள். இருவரும் அவரவர் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சேர்ந்து திருவிருந்து எடுத்துக்கொண்டு சமாதானமாகப் பிரிந்தார்கள். சட்டாம்பிள்ளையோடு அப்படிப் பேச 1857-இல் யாரும் பிரகாசபுரத்துக்கு நடந்து வரவில்லை. அவரைப் பைத்தியம், கலகக்காரன் என்றுதான் எழுதிவைத்தார்கள். இன்றைக்குப் படித்தால், தன் சனங்கள் யாருக்கும் கைகட்டி நிற்கக்கூடாது என்று நினைத்த ஒரு கல்விமான் தெரிகிறார்.

ஆதித் திருச்சபையோடு ஒப்பிடும்போது நெல்லைக்கு நேர்ந்த பெரிய கோணலும் இங்கேதான் கண்ணில் பட்டது. பவுல் ஒரு ஊரில் சில மாதமோ சில வருஷமோ இருந்துவிட்டு, உள்ளூர் ஆட்களை மூப்பராக்கிவிட்டுப் போய்விட்டார். கிளெமெந்து காலத்துக்குள் சபைகள் அந்தந்த ஊர்க்காரர் கையில். இங்கே சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-இல். திருநெல்வேலிக்கென்று 1896-இல் பேராயர் வந்தபோது அவர் சாமுவேல் மார்லி என்ற ஆங்கிலேயர். வெள்ளாளன்விளையில் குருவானவர் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றது 1912 டிசம்பர் 29-இல். இடையில் 122 ஆண்டுகள். அப்போதும் அவருக்குக் கிடைத்தது சொந்த மண் இல்லை, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். பவுலின் முறை எது, நம்முடைய முறை எது என்று மிஷனரிகளை உலுக்கிய ரோலண்ட் ஆலனின் நூல் லண்டனில் வெளிவந்ததும் அதே 1912-இல்தான்.

கைகட்டி நின்ற அந்த நூற்றாண்டிலும் இங்கத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ‘நற்போதகம்’ பத்திரிகை 1849 முதல் வந்தது. நெல்லைக் கவிஞரான கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதில் தொடராக வந்து 1894-இல் நூலானது. 1903 பிப்ரவரியில் அசரியாவும் அவர் தோழர்களும் சேர்ந்து, தங்கள் பணத்தில் தங்கள் ஆட்களை அனுப்ப இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிகாரம் கொடுக்கப்படாத இடத்தில் பேனாவையும் உண்டியலையும் கையில் எடுத்தார்கள்.

நாசரேத் ஸ்டேஷனில் நிற்கும்போது இந்தப் பாதையில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொள்ள, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் தண்ணீரோடு நின்றார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டார்கள். அங்கே யாரும் திதகே படித்திருக்கத் தேவையில்லை.

ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போகிற பாதையில் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, அப்புறம் உப்பளத்து வெள்ளை. தாமிரபரணி கடலில் சேர்வது இங்கேதான். நான் போனது சாயங்காலம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் அண்டிரிக் அடிகளார் பற்றிக் கேட்டேன். “புத்தகம் போட்ட சாமி” என்று உடனே சொன்னார் ஒரு நடுவயதுக்காரர். தமிழ் அச்சுக்கே இந்த ஊர்தான் தாய்வீடு என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பிறகு மலாக்கா, ஜப்பான். 1552-இல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் மரணம், 1622-இல் புனிதர் பட்டம். அவர் கடலேறிப் போன பிறகு 1547-இல் இந்தக் கரைக்கு வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், அதாவது ஊர் சொல்லும் அண்டிரிக் அடிகளார், 1600-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். இரண்டு வருஷத்தின் பக்கத்தில் ஐம்பத்து மூன்று வருஷம்.

அவர் யூத வம்சத்துக் கிறிஸ்தவர். அந்தக் காரணத்துக்காகவே பிரான்சிஸ்கன் சபை அவரை ஏற்கவில்லை. சேசு சபையில் சேர்ந்து இங்கே வந்தார். இந்தக் கரைப் பணியின் முதல் தலைவர் கிரிமினாலி 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்டபோது பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தமிழை முறையாகக் கற்றார். சவேரியார் காலத்து ஜெப மொழிபெயர்ப்பில் இருந்த பிழைகளைத் திருத்தினார். போர்த்துகீசியத்தில் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் 16 பக்கம் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’, அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586-இல் ‘அடியார் வரலாறு’. முதலாவது, இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களிலேயே பழையது. கடைசியது இங்கேயே அச்சானது என்பது ஊர்க்காரர்களின் பெருமை. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சம்பாதித்த காசு.

இந்தப் புத்தகங்களும் திதகே போலவே தொலைந்து போய்த்தான் திரும்பின. தம்பிரான் வணக்கம் ஹார்வர்ட் நூலகத்திலும், அடியார் வரலாறு வத்திக்கானிலும், இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனிலும் கிடந்தன. தூத்துக்குடியிலிருந்து இராசமாணிக்கம் அடிகளார் 1963-இல் தம்பிரான் வணக்கத்தையும் 1967-இல் அடியார் வரலாற்றையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

தொடங்குகிறவருக்கு வேகம் போதும். அடுத்து நிற்கிறவருக்கு இலக்கணம் வேண்டும், கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும், அச்சுக்கூலி வேண்டும். சவேரியாரின் மணியோசைக்குக் கூடிய பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர்கள் பிள்ளைகளும் வளர்ந்த காலத்தில் ஜெபம் பிழையில்லாமல் கையில் இருந்தது என்றால், அதற்கு ஹென்றிக்கஸும் அவருக்கு உடனிருந்து சொல் சொல்லாகத் தமிழ் சொல்லிக்கொடுத்த பெயர் தெரியாத ஊர்க்காரர்களும் காரணம். கிளெமெந்தின் கடிதத்தில் கிளெமெந்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு கொரிந்துக்கு நடந்த மூன்று பேரின் பெயர்கள் இருக்கின்றன: கிளவுதியு எபேபு, வலேரியு பித்தோ, பொர்த்துனாத்து. எழுதியவரைவிடக் கொண்டுபோனவர்களை எழுதிவைக்கத் தெரிந்த தலைமுறை அது. நெல்லைச் சபைகளின் சுவர்க் கல்வெட்டுகளில் இன்னும் நிறைய உபதேசியார்களுக்கு இடம் பாக்கி இருக்கிறது.

இரண்டாம் தலைமுறையை நான் புனிதப்படுத்த வரவில்லை. பொலிகார்ப் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில் வாலென்ஸ் என்ற மூப்பரின் பண ஆசைக்காக வருந்துகிறார். ஆனால் அவரையும் மனைவியையும் பகைவராக நினைக்காதீர்கள், வழிதவறிய அங்கமாக எண்ணித் திரும்ப அழையுங்கள் என்கிறார். திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியானது. இரண்டிலும் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் போஸ்டர், அணிக்கு ஒரு வேட்பாளர் பட்டியல், முடிந்த பிறகு கோர்ட்டில் வழக்கு. கொரிந்துக்குப் போன அந்தக் கடிதத்தை அடுத்த ஞாயிறு ஆராதனையில் சர்க்குலராக வாசிக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எந்தச் சபையிலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.